நீண்ட தமிழ்ச் சொற்களைப் பிரித்துப் படிப்பது எப்படி: சிங்கப்பூர்ப் பெற்றோருக்கும் துணைப்பாட ஆசிரியர்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

தொடக்கநிலை நான்கில் படிக்கும் பிள்ளை, ஆங்கிலத்தில் ஐந்தாறு அசை கொண்ட சொல்லைக்கூடத் தயங்காமல் படித்துவிடும். அதே பிள்ளை தமிழ்ப் பத்தியில் ‘வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்பதைக் கண்டதும் ‘வந்து’ என்று தொடங்கி, நடுவில் எதையோ முணுமுணுத்து, ‘எல்லாம்’ என்று முடித்துவிடும். எழுத்து தெரியாததால் வரும் சிக்கல் இல்லை இது. 247 எழுத்தும் தெரிந்த பிள்ளைக்கும் இது நேர்கிறது. எந்த எழுத்தை எதோடு சேர்த்துச் சொல்வது, சொல்லின் எந்தத் துண்டு எந்த வேலையைச் செய்கிறது என்பதை யாரும் காட்டித் தராததுதான் காரணம்.

ஆங்கிலச் சொல்லைத் துண்டுகளாகப் பார்க்கப் பழகிய பிள்ளை அந்தப் பழக்கத்தை அப்படியே தமிழுக்கும் கொண்டுவரும். அங்கே ‘அன்’, ‘ரீ’, ‘டிஸ்’ போன்ற துணுக்குகள் சொல்லின் தலையில் ஒட்டுகின்றன. வாலிலும் சில ஒட்டுகின்றன. தமிழ்ச் சொல் பெரும்பாலும் வால்பக்கம் மட்டுமே வளர்கிறது. தலையில் ஒட்டுவது ‘அக்கட்டடம்’, ‘இம்மாதம்’, ‘எவ்விடம்’ ஆகியவற்றில் வரும் அ, இ, எ போன்ற மிகச் சிலவே. ஆகவே தமிழுக்கு வேறு வழிமுறை வேண்டும்.

இரண்டு பிரிப்புகள், இரண்டு வேலைகள்

‘நூலகங்களிலிருந்தும்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம்.

வாயால் சொல்வதற்கு: நூ-ல-கங்-க-ளி-லி-ருந்-தும்.
பொருள் அறிவதற்கு: நூலகம் + கள் + இல் + இருந்து + உம்.

இரண்டு வரிகளும் ஒரே இடத்தில் வெட்டவில்லை. ‘ளி’ என்ற எழுத்தைப் பாருங்கள். அதில் இருக்கும் ள், ‘கள்’ என்பதன் கடைசி. அதே எழுத்தில் இருக்கும் இ, ‘இல்’ என்பதன் முதல். மூட்டு ஓர் எழுத்தின் வயிற்றுக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. உயிர்மெய் எழுத்து முறையின் இயல்பு இது. தமிழில் ஒலிப்பிரிப்பையும் பொருள்பிரிப்பையும் ஒரே கோட்டால் செய்ய முடியாததற்கும் இதுவே காரணம்.

வீட்டில் சொல்லித்தரும்போது அதிகம் குழம்புவது இங்கேதான். ‘பிரித்துப் படி’ என்று பொதுவாகச் சொன்னால் பிள்ளை எதைப் பிரிப்பது என்று விழிக்கும். முதலில் ஒலி, பிறகு பொருள் என்று வரிசையை உறுதியாக வைத்துக்கொள்ளுங்கள். தாளிலும் இடத்தை வேறுபடுத்துங்கள்: ஒலிக்குச் சொல்லின் மேலே வளைகோடு, பொருளுக்குச் சொல்லின் கீழே நேர்கோடு. இரண்டு வண்ணப் பென்சில்கள் போதும்.

ஒலிப்பிரிப்பு: ஒரே விதி

உயிரெழுத்தோ உயிர்மெய் எழுத்தோ வரும் ஒவ்வோர் இடத்திலும் புதிய துண்டு தொடங்குகிறது. புள்ளி வைத்த எழுத்து ஒருபோதும் துண்டைத் தொடங்காது. முன்னால் இருக்கும் எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். விதி அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்திலிருந்து: பள்-ளிக்-கூ-டத்-தி-லி-ருந்-து.

செய்முறையில், பிள்ளை முதலில் சொல்லில் உள்ள புள்ளிகளை மட்டும் தேடி, ஒவ்வொன்றையும் அதன் இடப்பக்க எழுத்தோடு வளைகோட்டால் கட்டட்டும். மேலே உள்ள சொல்லில் ள், க், த், ந் என்று நான்கு புள்ளிகள். நான்கையும் கட்டியபின் மீதமுள்ளவை தனித்தனி எழுத்துகள். இப்படிச் செய்தால் எண்ணுவதற்கோ யோசிப்பதற்கோ எதுவும் இல்லை. தொடக்கநிலை ஒன்றில் இருக்கும் பிள்ளைகூடச் செய்துவிடும்.

சில இடங்களில் இரண்டு புள்ளிகள் அடுத்தடுத்து வரும். ய், ர், ழ் ஆகிய மூன்றுக்குப் பின்னால் மட்டுமே தமிழில் இப்படி நேரும். அப்போது இரண்டும் இடப்பக்கமே போகும்: வாழ்க்-கை, பார்த்-தான், தாய்ப்-பால், உ-யர்ந்-த. பிள்ளைகள் இவற்றில் ஒரு புள்ளியை விழுங்கி ‘வாக்கை’, ‘பாத்தான்’ என்று படிப்பார்கள். பேச்சில் ‘பாத்தான்’ என்பதே வழக்கம் என்பதால் காதுக்கு அது தவறாகத் தோன்றாது. ஆகவே எழுத்தைக் காட்டி, ‘இங்கே எத்தனை புள்ளி?’ என்று கேட்பதே நல்ல திருத்தம்.

கொம்பு இன்னொரு தொல்லை. ‘கொ’, ‘போ’, ‘தெ’ போன்றவற்றில் குறி எழுத்துக்கு முன்னால் நிற்கிறது. அவசரத்தில் கோடு போடும் பிள்ளை கொம்பை முந்தைய துண்டோடு விட்டுவிடும். ‘வந்துகொண்டு’ என்பதில் கொம்பு ‘து’வோடு போய்விடும். கோடு எப்போதும் கொம்புக்கு முன்னால் விழ வேண்டும்.

இலக்கணம் படித்தவர்களுக்கு ஒரு குறிப்பு. யாப்பில் வரும் நேரசை, நிரையசை வேறு. அங்கே இரண்டு குறில்கள் இணைந்து ஓர் அசையாகும். ‘மலை’ ஒரே நிரையசை. இங்கே ‘ம-லை’ என இரண்டு துண்டு. உயர்நிலையில் செய்யுள் அலகிடும்போது குழப்பம் வரக்கூடாது என்றால், இதை ‘அசை’ என்று சொல்லாமல் ‘ஒலித்துண்டு’ என்றே சொல்லிப் பழக்குவது நல்லது.

பிரித்ததைச் சேர்ப்பது

பாதிப் பாடம் இதில்தான் இருக்கிறது. தமிழில் ஓர் எழுத்தின் ஒலி அதன் அக்கம்பக்கத்தைப் பொறுத்தது. ‘கம்’ என்று தனியாகச் சொன்னால் க வலிந்து ஒலிக்கும். ‘தங்கம்’ என்பதில் ங்-க்குப் பின்னால் வரும் அதே க மெலிந்து ஒலிக்கும். ‘அக்கம்’, ‘அகம்’, ‘அங்கம்’ மூன்றிலும் க மூன்று விதமாக ஒலிக்கிறது. ச-வும் அப்படித்தான்: பச்சை, பசி, பஞ்சு. துண்டு துண்டாகப் படித்தே பழகிய பிள்ளை ‘தங்-கம்’ என்பதில் க-வை அழுத்தியே சொல்லும். அது பிள்ளையின் தவறன்று. பிரித்ததால் வந்த விளைவு.

ற்ற, ன்ற இரண்டுக்கும் தனிக் கவனம் தேவை. ‘காற்-று’ என்று வெட்டினால் ற்-ஐத் தனியாகச் சொல்ல வழியில்லை. பிள்ளை ‘கார்று’ என்கிறது. இவற்றை வெட்டுவதற்கு முன்பே முழு ஒலியாகக் காதில் ஏற்றிவிடுங்கள்: காற்று, நேற்று, வெற்றி, கன்று, மூன்று, சென்றான். தாளில் கோடு போட்டாலும் வாயில் இவை பிரியக்கூடாது.

சேர்க்கும் முறை இது. முதல் துண்டைச் சொல்லுங்கள். முதலும் இரண்டாவதும் சேர்த்துச் சொல்லுங்கள். பிறகு மூன்றையும். இப்படிப் பின்னால் ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டே போங்கள்: பள், பள்ளிக், பள்ளிக்கூ, பள்ளிக்கூடத்... கடைசியில் முழுச் சொல்லை ஒரே மூச்சில் சொல்லி, உடனே அது வரும் வாக்கியத்தில் வைத்துப் படிக்க வேண்டும். வாக்கியத்தில் வைக்காமல் நிறுத்தினால், வாய்மொழித் தேர்வில் பத்தியை உரக்க வாசிக்கும்போது அந்தச் சொல் மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

பொருள்பிரிப்பு: வாலிலிருந்து கழற்றுங்கள்

ரயிலில் கடைசிப் பெட்டியைத்தான் முதலில் கழற்ற முடியும்; பொருள்பிரிப்பிலும் வலப்பக்கக் கோடியில் தொடங்கி இடப்பக்கம் நகர வேண்டும். பெயர்ச்சொல்லில் ஒட்டுகள் ஏறக்குறைய மாறாத வரிசையில் நிற்கின்றன என்பதால் இது எளிது.

வலக்கோடியில் உம், ஆ, ஏ, ஓ, தான் போன்றவை இருக்கும். அதற்கு முன் ‘இருந்து’, ‘ஆக’, ‘உள்’ போன்ற துணைச்சொற்கள். அதற்கு முன் வேற்றுமை உருபு: ஐ, ஆல், கு, இல், இன், உடைய, ஓடு, உடன். அதற்கும் முன் ‘கள்’. எல்லாம் கழன்றபின் மிஞ்சுவது அடிச்சொல். ‘மாணவர்களுக்கும்’: உம் கழற்றினால் மாணவர்களுக்கு; கு கழற்றினால், இடையில் வந்த உகரத்தோடு அதுவும் போய், மாணவர்கள்; கள் கழற்றினால் மாணவர்.

ஒவ்வொரு முறை கழற்றியபின்னும் பிள்ளையிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: ‘மிச்சம் இருப்பது ஒரு சொல்லா?’ இல்லையென்றால் மூட்டில் ஏதோ மாறியிருக்கிறது. அந்த மாற்றங்களைத் தெரிந்துகொள்வதுதான் இந்த வழிகாட்டியின் கடினமான பகுதி. அவை எண்ணிக்கையில் அதிகமில்லை.

முதலாவது, ஈற்று உகரம் மறைவது. பின்னால் உயிரெழுத்தில் தொடங்கும் துண்டு வந்தால் முன்சொல்லின் கடைசி உ பெரும்பாலும் போய்விடும். பாட்டு + இல் = பாட்டில். வந்து + இருந்தான் = வந்திருந்தான். உணவு + அங்காடி = உணவங்காடி. கழற்றியபின் புள்ளியில் முடியும் விசித்திரமான மிச்சம் கிடைத்தால், முதலில் ஓர் உகரத்தைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ‘பாட்ட்’ என்பதற்கு உ கொடுத்தால் ‘பாட்டு’ கிடைத்துவிடும்.

இரண்டாவது, இடையில் நுழையும் ய், வ். இரண்டு உயிர்கள் சந்திக்கும் இடத்தில் நாக்குக்கு வழிவிட இவை வருகின்றன. முன்சொல் இ, ஈ, ஐ-யில் முடிந்தால் ய்: பள்ளியில், மழையில். மற்றவற்றில் முடிந்தால் வ்: அம்மாவும், தேக்காவில். ஏ-வில் முடிந்தால் இரண்டில் எதுவும் வரலாம். இந்த ய், வ் எந்தத் துண்டுக்கும் சொந்தமில்லை. பிள்ளை ‘யில்’, ‘வில்’ என்று ஓர் ஒட்டு இருப்பதாக நினைத்துக்கொள்ளும், அங்கேயே திருத்திவிடுங்கள்.

மூன்றாவது, மகர மெய். ‘ம்’ என்று முடியும் பெயர்கள் வேற்றுமை ஏற்கும்போது ம் போய் அத்து வரும்: கூடம், கூடத்தில், நிறுத்தம், நிறுத்தத்தில். ‘கள்’ சேரும்போது ம், ங் ஆகும்: நூலகம், நூலகங்கள். ‘நிறுத்தத்தில்’ என்பதில் த்த இரண்டு முறை வருவதால் பிள்ளைகள் ஒன்றைத் தாண்டி ‘நிறுத்தில்’ என்று படிப்பார்கள். முதல் த்த ‘நிறுத்தம்’ என்ற சொல்லுக்குரியது, இரண்டாவது அத்து என்று காட்டினால் கண் தானாக நின்று படிக்கும். கூட்டத்தில், திருத்தத்தை, தோட்டத்திலிருந்து எல்லாமே இதே வகை.

நான்காவது, டு, று இரட்டிப்பது. வீடு, வீட்டில், ஆறு, ஆற்றில், வயிறு, வயிற்றில். அகராதியில் ‘வீட்டு’ என்று தேடி ஏமாறுவது இதனால்தான். பன்மையில் இரட்டிக்காது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்: வீடுகள், ஆறுகள். ‘வீட்டுகள்’ என்று எழுதும் பிள்ளை உண்மையில் ஒரு விதியை மிகையாகப் பயன்படுத்துகிறது, அவ்வளவுதான். வீவக என்று நாம் சுருக்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் பெயரில் வீடு + அமைப்பு என்பது இரட்டிக்காமல் உகரம் மட்டும் போய் நிற்கிறது. கூட்டுச் சொற்களில் இரு வழக்கும் உண்டு.

ஐந்தாவது, ல், ள், ன் ஆகியவை வல்லினத்துக்கு முன்னால் மாறுவது. ல், ற் ஆகிறது: கடல் + கரை = கடற்கரை. ள், ட் ஆகிறது: நாள் + காட்டி = நாட்காட்டி. ன், ற் ஆகிறது: பொன் + காசு = பொற்காசு; ‘வீட்டிற்கு’ என்பதில் இருப்பதும் இன் + கு. சொல்லின் நடுவில் க, ச, ப-வுக்கு முன்னால் ற் அல்லது ட் நின்றால் அங்கே ஒரு மூட்டு இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

கடைசியாக, நடுவில் முளைக்கும் க், ச், த், ப். விரைவு + சாலை = விரைவுச்சாலை. தொடக்கம் + பள்ளி = தொடக்கப்பள்ளி. வாய்க்கு இந்தப் புள்ளி இடப்பக்கத் துண்டுக்குரியது; பொருளுக்கு யாருக்கும் உரியதன்று.

வினைச்சொல்லும் அதன் துணைவினைகளும்

வினையை இரண்டு கட்டமாகப் பிரிப்பது நல்லது. முதலில் துணைவினைகளைத் தனித்தனிச் சொற்களாக நிறுத்துங்கள். பிறகுதான் அவற்றுள் நுழைய வேண்டும்.

‘எழுதிக்கொடுக்கப்பட்டிருக்கிறது’ பார்க்க அச்சமூட்டும். ஒலியில் 12 துண்டுகள்: எ-ழு-திக்-கொ-டுக்-கப்-பட்-டி-ருக்-கி-ற-து. பொருளில் நான்கே சொற்கள்: எழுதி, கொடுக்க, பட்டு, இருக்கிறது. இரு, கொள், விடு, போ, வா, பார், கொடு, படு, முடி, வேண்டும், கூடாது, இல்லை ஆகியவற்றை அடையாளம் காணத் தெரிந்த பிள்ளைக்கு நீண்ட வினைகளில் பெரும்பாலானவை திறந்துகொள்ளும். இந்தப் பட்டியலை ஓர் அட்டையில் எழுதிப் படிப்பு மேசையில் ஒட்டிவைக்கலாம்.

இங்கே பேச்சுத்தமிழ் பெரிய துணை. எழுத்தில் உள்ள வினையைப் பிள்ளைக்குத் தெரிந்த பேச்சு வடிவோடு இணைத்துக் காட்டுங்கள். ‘வந்துகொண்டிருக்கிறார்’ என்பது ‘வந்துகிட்டு இருக்காரு’. ‘போய்விட்டது’ என்பது ‘போயிருச்சு’. ‘பார்த்துவிட்டு’ என்பது ‘பாத்துட்டு’. ‘வீட்டிலிருந்து’ என்பது ‘வீட்லேருந்து’. வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு இந்தச் சொற்களின் பொருள் முன்பே தெரியும். தெரிந்ததையே தாளில் பார்க்கிறோம் என்று புரிந்த கணத்தில் அச்சம் பாதியாகிவிடும். வீட்டில் ஆங்கிலமே பேசும் குடும்பங்கள் இந்தப் பேச்சு வடிவங்களை முதலில் காதில் ஏற்றிவிட்டு, பிறகு எழுத்துக்குப் போவது நல்லது.

இரண்டாம் கட்டம் உள்ளே நுழைவது. பவணந்தி முனிவரின் நன்னூல் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று ஆறு உறுப்புகளைச் சொல்கிறது. தொடக்கநிலைக்கு ஆறும் வேண்டாம். வேர், காலம், யார் என்ற மூன்று கேள்விகள் போதும். ‘படிக்கிறார்கள்’: படி என்பது வேர், கிறு நிகழ்காலம், ஆர்கள் யார் என்பதைச் சொல்கிறது. த், ட், ற், இன் இறந்தகாலம். கிறு, கின்று நிகழ்காலம். ப், வ் எதிர்காலம். ஓடினாள்: ஓடு, இன், ஆள். செய்வேன்: செய், வ், ஏன்.

வேர் உருமாறும் வினைகள் குறைவு, ஆனால் அடிக்கடி வருபவை அவைதான். வா என்பது வந்தான் என்றும், கேள் என்பது கேட்டான் என்றும், நில் என்பது நின்றான் என்றும், கல் என்பது கற்றான் என்றும் மாறும். அகராதியில் வினை பெரும்பாலும் ஏவல் வடிவில்தான் இருக்கும். ‘நின்றான்’ என்பதன் பொருள் தேடும் பிள்ளையிடம், ‘ஒருவரிடம் இதைச் செய்யச் சொல்வதென்றால் எப்படிச் சொல்வாய்?’ என்று கேளுங்கள். ‘நில்’ என்று பதில் வரும். அதுவே தேட வேண்டிய சொல்.

கூட்டுச்சொற்கள்: நம்மைச் சுற்றி இருப்பவை

பெயர்ப்பலகைகளும் செய்தித்தாளும் இதற்கு நல்ல பாடப்புத்தகம். தமிழ் இங்கே நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று என்பதால் பயிற்சிக்குரிய சொற்களுக்குப் பஞ்சமில்லை. உயர்நிலைப்பள்ளி: உயர் + நிலை + பள்ளி. போக்குவரத்து: போக்கு + வரத்து. அரும்பொருளகம்: அருமை + பொருள் + அகம். மரபுடைமை: மரபு + உடைமை. அடுக்குமாடி, தாய்மொழி போன்றவை எந்த மாற்றமும் இல்லாமல் ஒட்டியவை, அவற்றிலிருந்தே தொடங்குங்கள்.

குடும்பமாகக் கற்றால் ஒன்றுக்குப் பத்து கிடைக்கும். ‘அகம்’ ஓர் இடத்தைக் குறிக்கிறது: நூலகம், மருந்தகம், உணவகம், அலுவலகம், காப்பகம், பதிப்பகம். ‘ஆளர்’ செய்பவரைக் குறிக்கிறது: எழுத்தாளர், பேச்சாளர், தொழிலாளர், செய்தியாளர். ‘இயல்’ ஒரு துறையைக் குறிக்கிறது: அறிவியல், உயிரியல், புவியியல். ‘அற்ற’ என்பது இல்லாத என்ற பொருள் தரும்: பொறுப்பற்ற, பயனற்ற.

முன்பின் பார்த்திராத கூட்டுச்சொல்லில் மூட்டைக் கண்டுபிடிக்க ஓர் அருமையான தடயம் உண்டு. தமிழில் ந என்ற எழுத்து சொல்லின் முதலில் வரும், அல்லது த-வுக்கு முன்னால் புள்ளியோடு வரும். வேறு எங்கேனும் நடுவில் ந இருந்தால் பெரும்பாலும் அங்கே புதிய சொல் தொடங்குகிறது: சேம|நிதி, பொது|நலம், வெளி|நாடு, தொடக்க|நிலை. இதற்கு மறுபக்கமும் உண்டு. ண, ள, ழ, ற, ன ஆகியவற்றில் எந்தத் தமிழ்ச் சொல்லும் தொடங்காது; ஆகவே பொருளுக்குப் பிரிக்கும்போது அவற்றுக்கு நேர் முன்னால் பெரும்பாலும் வெட்டக்கூடாது. ட, ர, ல மூன்றும் சொல்லின் முதலில் வருவது பெரும்பாலும் டாக்சி, ரயில், லாரி போன்ற வந்தேறிய சொற்களில்தான்.

ஏமாற்றும் வால்கள்

‘திங்கள்’ பன்மையன்று. ‘துகள்’ பன்மையன்று. ‘மயில்’, ‘வெயில்’ ஆகியவற்றில் வேற்றுமை உருபு இல்லை. ‘ஆடுகளம்’ என்பதில் ஆடுகள் இல்லை. ஆடு + களம். மிச்சம் ஒரு சொல்லாக இருக்கிறதா என்ற கேள்வி ‘மயில்’ போன்றவற்றை உடனே பிடித்துவிடும். ‘ஆடுகளம்’ போன்றவற்றுக்கு வாக்கியத்தைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

எண்களிலும் இந்த ஏமாற்று உண்டு. 1965 என்பதைத் தமிழில் படிக்கச் சொல்லுங்கள்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தைந்து. ‘தொள்ளாயிரம்’ ஆயிரத்தில் முடிகிறது, ஆனால் அது 900. ஒன்பதாயிரம்தான் 9,000. அதேபோல் ‘தொண்ணூறு’ நூறில் முடிந்தாலும் 90தான். மற்றவை ஒழுங்காகப் பிரியும்: ஆயிரம் + அத்து, அறுபது + ஐந்து. ஆண்டுகளை வாய்விட்டுப் படிப்பது சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்குப் பொதுவாகவே கடினம். கண் இலக்கத்தைப் பார்த்ததும் வாய் ஆங்கிலத்துக்குப் போய்விடும். எழுத்தில் எழுதி, பிரித்து, சேர்த்துப் படித்தால் ஒழிய இது சரியாகாது.

எழுத்துப்பிழைக்கு இதுவே மருந்து

ல-ள-ழ, ன-ண, ர-ற வேறுபாடு நம் பிள்ளைகளின் காதில் பெரும்பாலும் விழுவதில்லை. காதை நம்பி எழுதச் சொன்னால் பிழை தொடரும். ஒட்டுகளின் எழுத்தோ பெரும்பாலும் மாறாது. கள் என்றால் எப்போதும் ள். பெண்பால் ஆள் என்றால் ள், ஆண்பால் ஆன் என்றால் ன். இல், ஆல் இரண்டும் ல். கிறு என்றால் ற். ஆர் என்றால் ர். உடன், முன் இரண்டும் ன். உள் என்றால் ள்.

‘வருகிறார்கள்’ என்பதைச் சொல்வதெழுதுதலில் கேட்கும் பிள்ளை, கிறு-ஆர்-கள் என்று மனத்தில் பிரித்தால் ற, ர், ள் மூன்றும் தானாகச் சரியாகிவிடும். ‘பிள்ளைகளால்’ என்பதில் ஐயம் வர இடமே இல்லை: பிள்ளை, கள், ஆல். இந்த எட்டுப் பத்து ஒட்டுகளை மட்டும் உறுதியாகக் கற்ற பிள்ளையின் கட்டுரைத்தாளில் சிவப்பு வட்டங்கள் கண்கூடாகக் குறையும். அடிச்சொற்களின் எழுத்தைத்தான் ஒவ்வொன்றாகக் கற்க வேண்டியிருக்கும். அதற்குக் குறுக்குவழி இல்லை.

ஒரு வாக்கியம் முழுவதும்

‘தேக்காவிலிருந்து வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம் பேருந்து நிறுத்தத்தில் குடைகள் கொடுக்கப்பட்டன.’

நீளமான சொல்லை முதலில் ஒலிக்குப் பிரிப்போம்: வந்-து-கொண்-டி-ருந்-த-வர்-க-ளுக்-கெல்-லாம். சேர்த்துச் சொன்னபின் வாலிலிருந்து கழற்றுவோம். ‘எல்லாம்’ தனியாக வரும், மிச்சம் ‘...களுக்க்’, உகரம் போட்டால் ‘...களுக்கு’. கு போனால் ‘வந்துகொண்டிருந்தவர்கள்’. ‘அவர்கள்’ பிரியும்போது கவனம் தேவை: இருந்த + அவர்கள் சேரும் இடத்தில் ஓர் அகரம் மறைந்துவிட்டது. மீதி வந்து, கொண்டு, இருந்த. ஆக, வந்து + கொண்டு + இருந்த + அவர்கள் + கு + எல்லாம்.

மற்றவை விரைவில் முடியும். தேக்கா + இல் + இருந்து, நடுவில் வ். நிறுத்தம் + அத்து + இல். குடை + கள். கொடுக்க + பட்டன, நடுவில் ப். இப்போது வாக்கியத்தை முழுதாக, பொருள் நிற்கும் இடங்களில் மட்டும் நிறுத்திப் படிக்க வேண்டும்: தேக்காவிலிருந்து வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம் / பேருந்து நிறுத்தத்தில் / குடைகள் கொடுக்கப்பட்டன.

பிரித்ததை மறுபடி எழுதச் சொல்லவும் மறக்காதீர்கள். ‘வந்து கொண்டு இருந்த அவர்களுக்கு எல்லாம்’ என்று துண்டுகளாக எழுதி நிறுத்திவிட்டால், சேரும்போது என்ன மறைகிறது, என்ன முளைக்கிறது என்பது கையில் ஏறாது.

வீட்டில் எப்படி நடத்துவது

நாளுக்கு 10 நிமிடம், மூன்று அல்லது நான்கு சொற்கள். அதற்கு மேல் வேண்டாம். 20 சொற்களை ஒரேயடியாக வெட்டினால் கை வேலை செய்யும், மனம் செய்யாது. தொடக்கநிலை ஒன்று, இரண்டில் ஒலிப்பிரிப்பு மட்டும். மூன்று, நான்கில் கள், வேற்றுமை, மூட்டு மாற்றங்கள். ஐந்து, ஆறில் துணைவினைகளும் கூட்டுச்சொற்களும். ஆறு உறுப்புகளின் பெயர்கள் உயர்நிலைக்குப் போனபின் வரட்டும்.

சொற்களைப் பட்டியலிலிருந்து எடுக்காமல், பிள்ளை அன்று படித்த பாடத்திலிருந்தோ தமிழ் முரசின் ஒரு செய்தியிலிருந்தோ எடுங்கள். பிள்ளை முதலில் பத்தியைப் படிக்கட்டும். எங்கே தடுமாறியதோ அந்தச் சொற்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். படித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் நிறுத்தித் திருத்த வேண்டாம். செய்தித்தாளின் குறுகிய பத்திகளில் நீண்ட சொல் இரண்டு வரிகளாக உடைந்து, இணைப்புக்கோடும் இல்லாமல் அச்சாகியிருக்கும். இளம் பிள்ளைக்கு அது இரண்டு சொற்களாகத் தெரியும். அத்தகைய சொல்லைத் தாளில் ஒரே வரியில் எழுதிக் காட்டிவிட்டுப் பிரிக்கச் சொல்லுங்கள்.

ஒரு வகைச் சொல்லைத் தொடர்ந்து ஒரு வாரம் தடுமாறாமல் படித்தால் அந்த வகைக்குக் கோடு போடுவதை நிறுத்திவிடுங்கள். முதலில் வளைகோடுகள் போகட்டும். கீழே போடும் நேர்கோடுகள் இன்னும் சில மாதங்கள் தேவைப்படும். கோடு இல்லாமல் படிக்கும்போது ஒரு சொல்லில் நின்றால், விடையைச் சொல்லாமல் சொல்லின் வாலை மட்டும் விரலால் மறைத்துக் காட்டுங்கள். பெரும்பாலும் மீதியைப் பிள்ளையே படித்துவிடும்.